அம்மாவைச் சிறிய முதியோர் இல்லத்தில் சேர்ப்பதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

நொய்யல்காரன் எழுதியது:

வணக்கம். என் தாயாருக்கு வயது 79. தந்தையார் காலமான பிறகு அன்னூருக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் தனியாகத்தான் இருந்துவந்தார். கடந்த தை மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்து, கோவையில் அறுவை சிகிச்சை செய்தோம். இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் ஓர் ஆள் நின்றால், கட்டிலிலிருந்து வாசல் வரை நடக்கிறார். நடையைக் காட்டிலும் எங்களுக்குக் கவலை அளிப்பது மறதி. இரண்டு ஆண்டுகளாக மெல்ல மெல்ல இருந்துவந்தது, அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரேயடியாகக் கூடிவிட்டது. காலைச் சிற்றுண்டி முடிந்த அரை மணி நேரத்தில் "இன்னும் பலகாரம் ஆகலையா சாமி" என்று கேட்கிறார். பொழுது சாய்ந்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுந்துவிடுகிறார். மாட்டை விற்றுப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. சர்க்கரைக்கு இரு வேளை இன்சுலின் போடுகிறோம்.

நான் பெங்களூரில் லிஃப்ட் இல்லாத வாடகை வீட்டில் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறேன். தங்கை திருப்பூரில் இருக்கிறாள். அவள் மாமியார் ஏற்கெனவே படுத்த படுக்கை. ஊர் வீட்டில் ஏஜென்சி மூலம் ஆள் வைத்துப் பார்த்தோம். நான்கு மாதத்தில் மூன்று பேர் மாறினார்கள். மூன்றாவதாக வந்த பெண் நல்லவர்தான். ஆனால் தன் அக்காள் மகள் சீருக்கு என்று ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. அன்றைக்கு இரவு அம்மா தனியாக இருந்தார் என்பது எங்களுக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

துடியலூர் பக்கம் ஒரு கணவனும் மனைவியும் தங்கள் வீட்டின் கீழ்த்தளத்திலேயே நடத்தும் இல்லம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தோம். பன்னிரண்டு கட்டில், இப்போது பத்துப் பேர். மாதம் 26,000 ரூபாய், அட்வான்ஸ் 75,000. டயப்பர், மருந்து, டாக்டர் ஃபீஸ் எல்லாம் தனி. பெரிய நிறுவனம் ஒன்றையும் பார்த்தோம். அங்கே மாதம் 48,000. பெரிய இடத்தின் வரவேற்பறை நட்சத்திர ஓட்டல் போல இருந்தது. மாடியில் இருந்தவர்களோ தொலைக்காட்சிக்கு முன்னால் வரிசையாக உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். சிறிய இடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த இரண்டு பாட்டிகள் எங்கள் அம்மாவையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டார்கள். அவரும் கீரையை ஆயத் தொடங்கிவிட்டார். மனம் அங்கேயே விழுந்துவிட்டது. ஆனால் அரசுப் பதிவு பற்றிக் கேட்டபோது, "அப்ளை பண்ணியிருக்கோம்ங்க, வந்துரும்" என்ற பதில்தான் கிடைத்தது. சுத்தம், சாப்பாடு, அறை வசதி இவற்றையெல்லாம் நாங்களே பார்த்துக்கொள்வோம். பார்வைக்குத் தட்டுப்படாத எவற்றைக் கேட்டறிய வேண்டும் என்பதே என் கேள்வி.

கொள்ளிடக்கரை எழுதியது:

நானும் என் கணவரும் திருச்சியில் ஒன்பது ஆண்டுகளாக இப்படியொரு இல்லத்தை நடத்திவருகிறோம். மாமியாருக்குப் பக்கவாதம் வந்தபோது வீட்டில் ஒரு கட்டிலும் ஓர் ஆளும் போட்டோம். எதிர் வீட்டு அம்மாவையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அவர் மகன் கேட்டார். அப்படியே பத்துப் பேர் ஆகிவிட்டார்கள். எங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் இப்படித் தொடங்கியவர்கள்தாம். ஆகவே தொழிலில் இருப்பவள் என்ற முறையில், எனக்கே சங்கடமான கேள்விகளைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

முதல் கேள்வி, இரவு பதினொரு மணியிலிருந்து காலை ஐந்து மணி வரை யார் விழித்திருக்கிறார்கள் என்பது. "இருக்கிறார்கள்" என்று கேட்காதீர்கள். எல்லா இல்லத்திலும் இருக்கத்தான் செய்வார்கள். விழித்திருப்பவர் யார், அவர் பகலிலும் வேலை பார்த்தவரா, அவர் எங்கே உட்கார்ந்திருப்பார் என்று கேளுங்கள். சிறிய இல்லங்களில் செலவைக் குறைக்க முதலில் கை வைப்பது இரவு ஆளின் மீதுதான். பகலில் குளிப்பாட்டித் துணி துவைத்த அதே பெண் ராத்திரி கூடத்தில் பாய் போட்டுப் படுப்பார். அவர் பேரில் குற்றமில்லை, உடம்பு அசந்துவிடும். அந்த நேரத்தில் கழிவறைக்குப் போக எழும்போது முதியவர்கள் விழும் ஆபத்து உண்டு.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், அதைத் தெரிந்துகொண்டால் பாதி விஷயம் விளங்கும். பத்துப் பேர், தலைக்கு 25,000 என்றால் மாதம் இரண்டரை லட்சம். எங்களுக்கு வீட்டு வாடகை 45,000. பகல், இரவு என்று ஐந்து உதவியாளர்களுக்கு 90,000. சமையல்காரம்மாவுக்கு 15,000. மளிகை, பால், காய்கறி, கேஸ் எல்லாம் 55,000. மின்சாரம், தண்ணீர் லாரி, பழுதுபார்ப்பு 15,000. ஆக 2,20,000 போனால் மிச்சம் 30,000. அது இரண்டு பேர் இருபத்துநாலு மணி நேரமும் உழைப்பதற்கான கூலி. ஆண்டு வரவு 30 லட்சத்தைத் தொடுவதால் ஜி.எஸ்.டி. கதவையும் தட்ட வேண்டியிருக்கிறது. வருமான வரிச் சட்டப்படி பதிவான அறக்கட்டளை இல்லமாக இருந்தால், 60 வயது கடந்தவரிடம் மாதம் 25,000 ரூபாய் வரை வாங்குவதற்கு வரிவிலக்கு உண்டு. எங்களைப் போலத் தனிநபர் நடத்துவதற்கு அந்த விலக்குக் கிடையாது. ஒரே மாதத்தில் இரண்டு பேர் இறந்துவிட்டாலோ, பிள்ளைகள் அழைத்துச் சென்றுவிட்டாலோ நாங்கள் கைக்காசைப் போட்டுத்தான் ஓட்டுவோம். அப்படிப்பட்ட மாதத்தில், எங்களால் பார்த்துக்கொள்ள முடியாத ஒருவரையும் "பரவாயில்லை, சமாளிக்கலாம்" என்று சேர்த்துக்கொள்ளும் சபலம் வரும். எனக்கும் வந்திருக்கிறது. அதனால் இரண்டாவது கேள்வி: "யாரை நீங்கள் சேர்த்துக்கொள்ள மாட்டீர்கள்?" யாரையும் திருப்பி அனுப்புவதில்லை என்று பெருமையாகச் சொல்லும் இல்லத்தை நான் நம்ப மாட்டேன். ஓடிவிடும் பழக்கம் உள்ளவர், கழுத்தில் துளையிட்டு மூச்சுக் குழாய் (டிரக்கியாஸ்டமி) பொருத்தப்பட்டவர், கை ஓங்குபவர் என்று ஏதாவது ஓர் எல்லையைத் தெளிவாகச் சொல்பவருக்குத் தன் வேலை தெரிந்திருக்கிறது என்று பொருள்.

மூன்றாவதைக் கேட்கத்தான் எல்லோரும் தயங்குவார்கள். அந்தக் கணவன் மனைவிக்கே உடம்பு சரியில்லை என்றால் என்ன நடக்கும்? 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் படுத்துவிட்டோம். சமையல்காரம்மா வரவில்லை. என் தம்பி மனைவி மணப்பாறையிலிருந்து வந்து பதினெட்டு நாள் எல்லோரையும் கட்டிக் காத்தாள். அவள் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை. அந்தத் தம்பி மனைவி போல ஒருவர் அவர்களுக்கு யார் என்று பெயர் சொல்லச் சொல்லுங்கள்.

பலத்தையும் சொல்ல வேண்டும் அல்லவா? எங்களிடம் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, "ஷிப்டுக்கு நேரமாச்சு, தூக்கு எங்கே" என்று கேட்பார். கதவைத் தட்டுவார், கேட்டை ஆட்டுவார். ஒருநாள் என் கணவர் உண்மையாகவே ஒரு எவர்சில்வர் தூக்கில் இரண்டு இட்லியும் பொடியும் வைத்துக் கையில் கொடுத்தார். அவர் அதை வாங்கிக்கொண்டு வராந்தா வரை நடந்து, பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, தூக்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார். அதன் பிறகு மூன்று ஆண்டுகள் எங்கள் வீட்டில் முதல் இட்லி நாலரைக்கு வெந்தது. நூறு பேர் இருக்கும் இடத்தில் இதைச் செய்ய முடியாது. மனம் இருந்தாலும் அடுப்பு இருக்காது.

வைகைமகள் எழுதியது:

மேலே எழுதிய சகோதரியின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் மறுபக்கத்தையும் ஒருவர் எழுதத்தான் வேண்டும்.

என் அப்பா மதுரையில் இதேபோல ஒரு குடும்பம் நடத்திய இல்லத்தில் பதினான்கு மாதம் இருந்தார். முதல் பத்து மாதம் குறை சொல்ல முடியாது. அந்த வீட்டு அம்மாள் அப்பாவை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். தீபாவளிக்கு அவருக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார். பதினோராம் மாதத்தில் அப்பாவால் எழுந்து உட்கார முடியாமல் போயிற்று. நான் மாதம் இரண்டு முறை போவேன். போகும்போதெல்லாம் முகம் மழித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டு, முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார்த்தியிருப்பார்கள். நானும் மகிழ்ச்சியாகப் பேசிவிட்டு வந்துவிடுவேன். ஒருநாள் சொல்லாமல் போனேன். உள்ளே நுழைந்ததுமே ஒரு வாடை. போர்வையை விலக்கித் திருப்பிப் பார்த்தால், இடுப்புக்குக் கீழே முதுகுத்தண்டு முடியும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். நடுவில் கறுத்து, ஓரம் மஞ்சளாக இருந்தது. படுக்கைப் புண் என்றால் அதுதான் என்று அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். மருத்துவமனையில் சேர்த்தோம், புண்ணைச் சுத்தம் செய்தார்கள், ஆனால் கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. ஐந்து வாரம் இருந்தார்.

அந்த அம்மாள் அழுதார். அது நடிப்பாக எனக்குத் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும், செய்வதற்கு ஆளில்லை. அதை என்னிடம் சொல்லியிருந்தால் ஏர் பெட் வாங்கியிருப்போம், கூடுதலாக ஓர் ஆள் போட்டிருப்போம், அல்லது வேறு இடம் பார்த்திருப்போம். சொன்னால் அப்பாவை அழைத்துக்கொண்டு போய்விடுவோம் என்ற பயம் ஒரு பக்கம், "அண்ணனை நானே பார்த்துக்குவேன்" என்ற பாசம் ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து வாயை அடைத்துவிட்டன. குடும்பம் போல என்று சொல்கிறோமே, குடும்பத்திலும் இப்படித்தானே மறைப்பார்கள்?

ஆகவே நொய்யல்காரரே, உங்கள் தாயார் நடக்கிற வரைக்கும் அந்த இடம் நன்றாகத்தான் இருக்கும். நடை நின்றுபோகும் நாளில் என்ன செய்வார்கள் என்பதை இன்றே பேசுங்கள். போகும்போது முகத்தைப் பார்ப்பதோடு நில்லாமல் குதிகாலையும் இடுப்பையும் திருப்பிப் பாருங்கள். சிவந்திருக்கும் இடத்தை விரலால் அழுத்தி எடுத்த பிறகும் சிவப்பு மாறாமலே இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மகன் என்பதால் கூச்சமாக இருந்தால் தங்கையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெள்ளைச்சீருடை எழுதியது:

அரசு மருத்துவமனையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் செவிலியராகப் பணிபுரிந்து ஓய்வுபெற்றவள். இரண்டு சிறிய இல்லங்களுக்கு வாரம் ஒருமுறை போய் வருகிறேன். கேட்டவர் இன்சுலினைக் குறிப்பிட்டிருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இன்சுலினை யார் போடுகிறார், அது போட்ட பிறகு எத்தனை நிமிடத்தில் தட்டு முன்னால் வருகிறது என்று நேரில் இருந்து பாருங்கள். காலை ஏழரைக்குப் பத்துப் பேருக்கும் வரிசையாக ஊசியும் மாத்திரையும் கொடுத்து முடித்துவிட்டு, சமையல்காரர் தாமதமாக வந்ததால் எட்டேமுக்காலுக்கு உப்புமா வந்த இடத்தை நான் பார்த்திருக்கிறேன். ஊசி போட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறும். மறதி நோயுள்ளவர் குழறினால் அதை யார் கவனிக்கப்போகிறார்கள்? "இன்னைக்குக் கொஞ்சம் அதிகமா உளறுறாங்க" என்று விட்டுவிடுவார்கள். குளுக்கோமீட்டர் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். எடுத்துவர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால் அது பயன்பாட்டில் இல்லை. உங்கள் தாயாருக்குச் சாப்பிட்டதே மறந்துபோகிறது என்கிறீர்கள். ஊசி போட்டதையும் அவரால் சொல்ல முடியாது. போட்டவுடன் நேரம் எழுதிக் கையெழுத்திடும் நோட்டு இல்லாத இடத்தில், ஆள் மாறும் வேளையில் இரண்டாம் தடவையும் போட்டுவிடும் ஆபத்து உண்டு.

அடுத்தது, மாலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுவது. பொழுது சாயும் நேரத்தில் மறதி நோயாளிகளுக்கு இந்தப் பரபரப்பு வருவது வழக்கம். இதை அடக்குவதற்கு எளிய வழி ஒரு மாத்திரை. மனநோய்க்குக் கொடுக்கும் அந்த வகை மாத்திரைகளை மறதி நோயுள்ள முதியவர்களுக்குத் தொடர்ந்து கொடுத்தால் விழுதல், பக்கவாதம் ஆகியவற்றுக்கான வாய்ப்புக் கூடும். சில நேரங்களில் மருத்துவர் தெரிந்தே, குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு எழுதுவார், அது வேறு. ஆனால் இல்லத்தவரே பழைய சீட்டைக் காட்டி வாங்கி, ராத்திரி எல்லோரும் தூங்குவதற்காகக் கொடுப்பதும் நடக்கிறது. மாலை ஆறு மணிக்கு ஒருமுறை சொல்லாமல் போங்கள். பத்துப் பேரும் படுத்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

இன்னொன்று. அறுவை சிகிச்சைக்குப் பிறகு மறதி ஒரேயடியாகக் கூடியது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு பகுதி தற்காலிக மனக்குழப்பமாக இருக்கலாம். மயக்க மருந்து, வலி, சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் குறைதல், இரத்தத்தில் உப்புக் குறைதல் என்று பல காரணங்களால் வருவது. வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் காய்ச்சலே இல்லாமல் பேச்சு மட்டும் தடுமாறுவதுண்டு. எந்த இல்லம் என்று முடிவெடுப்பதற்கு முன், முதியோர் மருத்துவர் ஒருவரிடம் முழுமையாகக் காட்டிவிடுங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்குத் தனித் துறையே பல்லாண்டுகளாக இருக்கிறது. கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையும் உண்டு. கோவையிலேயே நல்ல மருத்துவர் கிடைத்தால் அவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை. குழப்பம் தெளிந்து பழைய நிலைக்குப் பாதி வந்தாலும், நீங்கள் தேட வேண்டிய இடமே மாறிவிடலாம்.

தாமிரபரணி எழுதியது:

யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். என் தாத்தாவை நாங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம். ஏழு பேர் இருந்த வீடு அது. வீட்டோடு வைத்துக்கொள்வதுதான் நல்லது என்று எழுத வந்தேன். வைகைமகள் எழுதியதைப் படித்த பிறகு, எங்கள் தாத்தாவுக்கும் அதே புண் கடைசியில் வந்தது நினைவுக்கு வந்தது. இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்று அந்த ஏழு பேரில் ஒருவருக்கும் தெரியாது. ஆகவே என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன்.

கோப்புக்கட்டு எழுதியது:

அரசுப் பணியில், மாவட்ட அளவில், மூத்த குடிமக்கள் தொடர்பான கோப்புகளைச் சில ஆண்டுகள் பார்த்தவன். "அப்ளை பண்ணியிருக்கோம்" என்ற பதிலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் முதியோர் இல்லம் நடத்துவோர், அது இலவச இல்லமோ கட்டண இல்லமோ, மாவட்ட சமூக நல அலுவலகத்தின் வழியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். மாவட்ட ஆட்சியர்கள் இதை அவ்வப்போது பத்திரிகைச் செய்தியாகவும் வெளியிடுவார்கள். விண்ணப்பித்திருப்பது உண்மையானால் ஒப்புகைச் சீட்டோ விண்ணப்ப எண்ணோ இருக்கும்; காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. வாடகை வீட்டில், குடியிருப்புக் கட்டடத்தில் நடத்துபவர்கள் தீயணைப்புச் சான்றிலும் கட்டட உறுதிச் சான்றிலும் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் நிற்பதும் உண்மைதான். பதிவு இருப்பதாலேயே பராமரிப்பு நன்றாக இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. சுவரில் சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழுக்குக் கீழேயே மோசமான காட்சிகளைக் கண்டதுண்டு. ஆனால் பதிவுள்ள இடத்துக்குள் ஆய்வுக்காக ஓர் அலுவலர் நுழைய வாய்ப்பு இருக்கிறது. பதிவில்லாத இடம் இருப்பதே அலுவலகத்துக்குத் தெரியாது.

பலர் 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டப்படி அமைந்த தீர்ப்பாயத்தை இதற்கும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் பிள்ளைகளிடமும் சொத்துக்கு உரிமையுள்ள உறவினர்களிடமும் பராமரிப்புத் தொகை பெற்றுத்தருவதற்கானது. இல்லத்தில் குறை என்றால் மாவட்ட சமூக நல அலுவலரிடமோ ஆட்சியரிடமோ மனுக் கொடுக்க வேண்டும். 14567 என்ற முதியோர் உதவி எண்ணிலும் சொல்லலாம். அட்வான்ஸைத் திருப்பித் தரவில்லை என்பது போன்ற பணத் தகராறு என்றால், நீங்கள் காசு கொடுத்துச் சேவை பெறுபவர் என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அதற்குக் கையில் தாள் வேண்டும். சிறிய இல்லங்களில் பெரும்பாலும் ஒப்பந்தமே இருக்காது, ஒரு ரசீதுகூடச் சில இடங்களில் இருக்காது. இரண்டு பக்கம் போதும்: மாதத் தொகையில் அடங்குபவை எவை, அடங்காதவை எவை, எத்தனை நாள் முன்னறிவிப்பு, மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்குக் கட்டணம் உண்டா, அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும். தாயாரின் ஏ.டி.எம். அட்டையையும் ஓய்வூதியப் புத்தகத்தையும் எக்காரணம் கொண்டும் இல்லத்தில் கொடுத்து வைக்க வேண்டாம்.

மரணத்தைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். கேட்டவர் மன்னிக்க வேண்டும். இறப்பு எந்த இடத்தில் நிகழ்கிறதோ அந்த உள்ளாட்சி எல்லையில்தான் 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். சொந்த ஊர் அன்னூர்ப் பக்கம் என்றாலும், இறப்பு துடியலூர் இல்லத்தில் என்றால் பதிவு கோவை மாநகராட்சியில். மருத்துவமனை அல்லாத இடத்தில் இறந்தால், இறுதியாகச் சிகிச்சை அளித்த மருத்துவர் படிவம் 4ஏ-வில் இறப்பின் காரணத்தைச் சான்றளிக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு வந்து கையெழுத்திடும் மருத்துவர் யார் என்று இல்லத்தவரிடம் கேளுங்கள். அப்படி ஒருவர் இல்லாத இடங்களில், மூச்சு அடங்குகிற நேரத்தில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள். பெரியவர் வழியிலேயே போய்ச் சேருவார்.

நொய்யல்காரன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

செவிலியர் அம்மா சொன்னபடி முதலில் மருத்துவரிடம் போனோம். இரத்தத்தில் சோடியம் என்ற உப்புக் குறைவாக இருந்தது, சிறுநீர்த் தொற்றும் இருந்தது. மருந்து கொடுத்த பத்து நாளில் பேச்சு ஓரளவு தெளிந்தது. மறதி இருக்கிறது, மாடும் இருக்கிறது, ஆனால் தங்கையின் பெயரை இப்போது சரியாகச் சொல்கிறார். இன்சுலினைக் காலை ஒரு வேளையாகக் குறைத்திருக்கிறார் மருத்துவர்.

பிறகு துடியலூருக்கு இரண்டு முறை, ஒருமுறை காலை ஏழு மணிக்கும் ஒருமுறை மாலை ஆறரைக்கும், சொல்லாமல் போனோம். காலையில் ஊசி ஏழு ஐம்பதுக்கு, இட்லி எட்டு மணிக்கு. ஊசி நோட்டு இருந்தது. ஆனால் அந்த வாரத்தில் இரண்டு நாள் கையெழுத்து இல்லை. கேட்டதும் அந்த வீட்டு அம்மா முகம் சிவந்தார், மறுக்கவில்லை. மாலையில் நான்கு பேர் படுத்திருந்தார்கள், மற்றவர்கள் திண்ணையில் இருந்தார்கள். விண்ணப்ப ஒப்புகையைக் காட்டினார்கள், ஐந்து மாதம் முந்தைய தேதி.

சங்கடமான மூன்றில் இரண்டுக்குப் பதில் கிடைத்தது. இரவுக்கென்று தனி ஆள் இருக்கிறார். நாங்கள் பார்த்தபோது பகலில் தூங்கிக்கொண்டிருந்தார். மூக்கு வழியாகக் குழாயில் உணவு கொடுப்பது வரை பார்த்துக்கொள்வார்களாம், அதற்கு மேல் முடியாது என்றார்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா... பையன் கனடாவுல இருக்கானுங்க" என்றார் அவர். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

அம்மாவை அங்கேதான் சேர்க்கிறோம், முதலில் மூன்று மாதத்துக்கு. ஒப்பந்தத்தை நானே இரண்டு பக்கம் தட்டச்சு செய்து கொண்டுபோனேன்; படுக்கையில் விழுந்தால் கூடுதல் ஆளுக்கான தொகையை நாங்கள் தருவோம், உடம்பில் சிவந்த இடம் தெரிந்தால் அன்றே புகைப்படம் அனுப்ப வேண்டும் என்பதையும் எழுதியிருக்கிறேன். தங்கை திருப்பூரிலிருந்து வாரம் ஒருநாள் போவாள், நாள் சொல்ல மாட்டாள். மற்ற குடும்பங்களின் தொலைபேசி எண்களையும் அவர்கள் சம்மதத்தோடு வாங்கி வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கியிருக்கிறோம். அந்த இருவரும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டால் யார் முதல் நாள் போய் நிற்பது, யார் சமையலுக்கு ஏற்பாடு செய்வது என்று எங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கிறோம். இதுவரை நான்கு குடும்பங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன.

கொள்ளிடக்கரை எழுதியது:

ஒன்பது ஆண்டுகளில் எங்களிடம் எந்தக் குடும்பமும் இப்படிக் கேட்டதில்லை. எங்கள் இல்லத்துக் குடும்பங்களிடம் நாங்களே கேட்கலாமா என்று நேற்றிரவு நானும் அவரும் பேசிக்கொண்டிருந்தோம். கேட்டால், நம்மால் முடியவில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று அவருக்குத் தயக்கம். அந்த இரண்டு பக்க ஒப்பந்தத்தைப் பெயர்களை நீக்கிவிட்டு இங்கே போட முடியுமா?